ஆறு வாரத்தில் நாயைப் படிப்பது: புத்தகமா, சித்தப்பாவா?

அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கலில் அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டில் பட்டி (எங்கள் பக்கம் நாயை அப்படித்தான் சொல்வோம்) குட்டி போட்டிருக்கிறது. ஐந்து குட்டிகள், அன்றைக்குத்தான் கண் திறந்திருக்கின்றன. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பெண்குட்டியை இவள் கேட்டு வைத்துவிட்டாள். இதுவரை ஒரு கோழிகூட வளர்த்துப் பழக்கமில்லாதவள்.

"சித்தி, மூணு புக்கு பாத்து வச்சிருக்கேன். எல்லாம் சேத்து ரெண்டாயிரம் ரூவா கிட்ட வருது. அப்பா சொல்லுதாவ, அந்தக் காசுக்குச் சாளை மீன் வாங்கிப் போட்டா பட்டியே ஒன்னயப் படிப்பிச்சிரும்னு. நான் என்ன செய்யட்டு?"

போனில் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. நாய்க்குட்டி கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். சோறு தின்னத் தொடங்கிவிட்டால் போதும் என்பது கணக்கு. எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் கிடக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிரில் இருப்பது கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போகும் என்று குட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பது அந்த நாட்களில்தான். சீக்கிரம் பிரித்த குட்டி அந்தப் பாடத்தை நம் கையிலும் காலிலும்தான் படிக்கும். ஆக அவள் கையில் இருப்பது ஆறு வாரம், அதில் ஆறு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாயிரம் ரூபாய்.

இதை எதில் போடுவது? புத்தகத்தில் போடலாம். நாயோடு வாழ்ந்து பழகிய ஒருவர் பின்னால் நடந்து திரியலாம். மிருக ஆஸ்பத்திரியில் போய் நின்று பார்க்கலாம், தெருநாய்க்குச் சோறு போட்டுப் பழகலாம். பயிற்சியாளர் ஒருவருக்குக் காசு கொடுக்கலாம். வீடியோ என்று ஒன்று இருக்கிறது. அதை அவள் எப்படியும் பார்க்கத்தான் போகிறாள், அதற்கு என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

நான் இதில் முக்கால்வாசியையும் செய்து பார்த்துத் தப்பும் பண்ணியவள். என் செம்பி இப்போது ஏழு வயதுக் கிழவி. நல்ல நாய். ஆனால் குடை விரிந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் பெய்கிற இந்த மாவட்டத்தில் குடையைக் கண்டு பயப்படும் நாயோடு குடித்தனம் பண்ணுவது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு போட்ட பால்காரர் வந்தால் அன்றைய காலை அதோடு போச்சு.

அது என்னால் வந்த வினை. தடுப்பூசி எல்லாம் முடியும்வரை குட்டியை வெளியே தரையில் விடாதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். சரியான சொல்தான். நான் அதை, வெளியுலகத்தையே காட்டாதீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நாலு மாதம் செம்பி கண்டது அடுக்களை, ஹால், பின்வாசல் படி. பிற்பாடு ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களின் வேலையைப் பற்றிப் படித்தேன். மெய்ன் மாநிலத்தில் ஐந்து இன நாய்களைப் பல வருஷம் வளர்த்துப் பார்த்து 1965-இல் புத்தகமாகப் போட்டவர்கள். குட்டிக்கு ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரைதான் ஒரு வாசல் திறந்திருக்கிறது, அந்தக் காலத்தில் கண்டு கேட்டுப் பழகியதை அது தன் உலகத்தில் சேர்த்துக்கொள்ளும், பிறகு புதியது எதுவானாலும் முதலில் பயம்தான் என்பது அவர்கள் கண்டது. தடுப்பூசியையும் இதையும் சேர்த்துப் பார்ப்பதற்கான வழியும் புத்தகங்களில் இருக்கிறது: குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போ. பஸ் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு காட்டு, கோயில் செண்டைச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்க வை, குடையை விரித்துத் தரையில் வைத்து மணத்திப் பார்க்க விடு. அவ்வளவு எளிது. நான் இதைப் படித்தபோது செம்பிக்கு ஒன்றரை வயது.

அனுபவத்தில் கற்கலாமே என்று கேட்டால், கற்றேன்தான். ஒரு நாயைச் செலவழித்துக் கற்றேன். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் என்பது வாழ்க்கையில் ஒரு தடவை வருவது. அது போனபிறகே போயிற்று என்று தெரியும். அந்த மாதிரி விஷயங்களுக்குப் புத்தகம்தான். சுட்டிக்குட்டி எட்டு வாரத்தில் இவள் கைக்கு வரும்போது அந்த வாசல் பாதிக்கு மேல் சாத்தியிருக்கும். ஆகவே குட்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்காமல் இப்போதே வாரம் ஒருமுறை கருங்கலுக்குப் போய்க் குட்டிகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தாய்நாய்க்கு இவள் முகமும் பழகும்.

இனிச் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார். முன்னால் டைகர் போகும். (நம் மாவட்டத்தில் பட்டிக்கு டைகர், ஜிம்மி, மணி இந்த மூன்றைத் தாண்டிப் பெயர் வைப்பவர்கள் கொஞ்சம் படித்தவர்கள் என்று அர்த்தம்.) அவருக்கு நாற்பது வருஷ நாய்ப்பழக்கம். புத்தகத்தைக் கண்டால் சிரிப்பார்.

செம்பியை வைத்துக்கொண்டு நான் திணறிய காலத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை அவரோடு போயிருந்தேன். அதற்கு முன்பே துரிட் ருகாஸ் என்ற நார்வே பெண்மணி எழுதிய சின்னப் புத்தகத்தைப் படித்திருந்தேன். நாய் சங்கடப்படும்போதும் எதிரில் இருப்பவரைச் சாந்தப்படுத்த நினைக்கும்போதும் முகத்தைத் திருப்பும், மூக்கை நக்கும், கொட்டாவி விடும் என்று அதில் படத்தோடு போட்டிருக்கும். பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு எழுதியிருப்பேன். முதல் நாள் தோட்டத்து வாசலில் டைகரின் தலையைத் தடவினேன். அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிற்று. நான் தடவிக்கொண்டே இருந்தேன். மூக்கை நக்கிற்று. பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது. "ராத்திரி தூங்கலையா இது?" என்று கேட்டேன்.

"கைய எடு மக்களே. அவன் மூணு மட்டம் வேண்டாம்னு சொல்லியாச்சு. நாலாம் மட்டம் பல்லு வச்சுத்தான் சொல்லுவான்."

புத்தகத்தில் படித்த மூன்றும், படித்த வரிசையிலேயே, கைக்கு ஒரு சாண் தூரத்தில் நடந்தன. எனக்குத் தெரியவில்லை. அச்சில் இருந்தது ஒரு நின்ற படம். நாயின் முகத்தில் அது அரை நொடி வந்து போவது. கண்ணுக்கு அந்த வேகம் பழக வேண்டும், வேறு வழி கிடையாது.

சித்தப்பா சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது, 'செய்' என்பதைவிட 'செய்யாதே' அதிகம். நேரே போகாதே, வளைஞ்சு போ. கண்ணைப் பார்க்காதே. குனிந்து மேலே கவியாதே, பக்கவாட்டில் உட்கார். கூப்பிடாதே, வரட்டும். தோட்டத்தில் டைகர் திடீரென்று நின்றால் அவரும் நின்றுவிடுவார். முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரைக்கும் எழும்பி, சத்தம் வயிற்றுக்குள்ளேயே கிடந்தால் பன்றி. முன்னுக்கும் பின்னுக்குமாகத் துள்ளி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்துக் குரைத்தால் கீழே பார், அணலிப் பாம்போ நல்ல பாம்போ கிடக்கும். குரைத்துவிட்டுத் திரும்பி இவரைப் பார்த்தால் மனுஷன். இது டைகரின் பாஷை. அதற்கு முன் இருந்த நாயின் பாஷை வேறு என்று அவரே சொல்வார். அப்படியானால் எந்தப் புத்தகத்தில் இதைப் போட முடியும்?

வால் விஷயமும் அவரிடம் கற்றதுதான். 'எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும் நாய்' என்று நாலடியாரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினோம். வால் ஆடினால் சந்தோஷம் என்று அதோடு முடித்துக்கொண்டோம். வாலைக் குழைப்பது வேறு, ஆட்டுவது வேறு. குழைக்கும்போது வால் தாழ்ந்து, இடுப்பும் பின்கால்களும் சேர்ந்து நெளியும். வாலை உயரத் தூக்கி, விறைப்பாக, சின்னச் சின்னதாக ஆட்டினால் அந்த நாயின் பக்கத்தில் போகாமல் இருப்பது நல்லது. தமிழ் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை.

இன்னொன்று, நேரம். செம்பிக்கு 'உட்கார்' பழக்கினேன். உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்து பிஸ்கட்டை எடுப்பேன். அதற்குள் அது எழுந்து வந்துவிடும். எழுந்து வந்த வாயில் பிஸ்கட்டைப் போடுவேன். ஒரு மாதத்தில் 'உட்கார்' என்றால் உட்கார்ந்து உடனே எழும்புகிற நாய் தயார். கேரன் பிரையர் என்ற டால்பின் பயிற்சியாளர் 1984-இல் எழுதிய புத்தகத்தின் சாரமே இதுதான்: எந்தக் கணத்தில் பரிசு கிடைக்கிறதோ அந்தக் கணத்தில் செய்துகொண்டிருந்ததைத்தான் மிருகம் திரும்பச் செய்யும். படித்திருந்தும் தப்பினேன். கோழியைக் கண்டும் காணாததுபோல் டைகர் முகத்தைத் திருப்பும் அதே கணத்தில் சித்தப்பா "ஆங்" என்பார். கருவாட்டுத் துண்டு பிறகு மெதுவாக வரும். அந்த "ஆங்" தான் விஷயம். பிரையர் புத்தகத்தில் அதற்கு விசில், கிளிக்கர் என்று என்னென்னவோ வருகிறது. சித்தப்பாவின் தொண்டை போதும்.

இவ்வளவு சொன்னபிறகு, அத்தான் சொன்னது சரி, சாளையே வாங்கு என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் சித்தப்பாவின் மாட்டுத்தொழுத்துக்குப் பின்னால் நடந்த கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அவர் குட்டிகளை அங்கே வைத்து இழந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி: ஒன்றரை, இரண்டு மாதக் குட்டி, இரண்டு நாள் வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு, முடிந்தது. முதல் தடவை கண்ணேறு என்றார்கள். இரண்டாம் தடவை மண் தின்று போச்சு என்றார்கள். மூன்றாம் தடவை அவருக்கே மனசு விட்டுப்போய், இனிக் குட்டி வேண்டாம் என்றார். அது பார்வோ. 1970-களின் கடைசியில் உலகமெங்கும் திடீரென்று பரவிய வைரஸ்; தாக்கிய இடத்து மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். செத்த குட்டியைப் புதைத்துவிட்டு அதே தொழுத்தில் அதே சாக்கில் அடுத்த குட்டியைப் படுக்க வைத்தால் அதுவும் போகும். தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று வீதம் 16 வாரம்வரை. கழுவ முடிகிற சிமெண்டுத் தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவலாம். மண்ணை அப்படிச் சுத்தம் பண்ண முடியாது.

நாற்பது வருஷம் நாயின் முகத்தைப் படித்தவர் இதைப் படித்திருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண் எப்படிக் கற்கும்? எத்தனை தடவை இழந்தாலும் கண்ணேறுதான் காரணமாக நிற்கும். இன்னொரு விஷயமும் உண்டு. 'நாங்க ஊசி போட்டா வளத்தோம்' என்று சொல்லும் ஒவ்வொருவரும் பிழைத்த நாயைத்தான் காட்டுகிறார்கள். பிழைக்காததுகள் விளையில் தென்னைக்கு உரமாகிவிட்டன. அவை வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

வெறிநாய்க்கடி இதைவிடக் கடுமை. இதில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் கையில் ஒரு தெருக்குட்டியின் பல் கீறியது. அவன் பாட்டி மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைத்துவிட்டாள். அவள் அனுபவம் அது. எப்படியோ அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். செய்ய வேண்டியது, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. மேலே எதையும் அப்பாமல் உடனே தடுப்பூசிக்குப் போவது. அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று வரச் சொல்வார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் வேறு மருந்தும் உண்டு. நோய்க்குறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை என்பதால் இதை 'பட்டுத் தெரிந்துகொள்ள' வழியே கிடையாது.

'கடிச்ச பட்டி சாகலேன்னா பயப்படாண்டாம்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாய் பொதுவாகப் பத்து நாளுக்குள் நோய் முற்றிச் சாகும். அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும். கவனித்துவிட்டு ஊசிக்குப் போகக் கூடாது. ஊர்ப்பேச்சில் அந்த வரிசை எங்கேயோ விழுந்துபோயிற்று.

அதற்காகப் புத்தகம் எல்லாம் வேதம் என்றும் நினைத்துவிடக் கூடாது. அவள் பார்த்து வைத்திருந்த மூன்றில் ஒன்று, 'நீதான் கூட்டத்தின் தலைவன் என்று நாய்க்குக் காட்டு' வகை. நாய்க்கு முன் நீ சாப்பிடு, வாசலில் நீ முதலில் போ, மிஞ்சினால் மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடி. இதன் வேர், 1947-இல் ஷெங்கெல் என்பவர் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே கூண்டில் போட்டால் சண்டை போடத்தான் செய்யும். டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் 1970-இல் தன் புத்தகத்தில் அதையே பரப்பினார். பிறகு வட துருவத்துக்குப் பக்கத்தில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகள் இருந்து பார்த்தவரும் அவரேதான். கூட்டம் என்பது ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்கள் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள் என்பதற்கு மேல் அங்கே 'தலைவன்' இல்லை என்று 1999-இல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடாதீர்கள் என்று பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டுக்கொண்டிருந்தார். மிருகங்களின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸும் அப்படித்தான். 1973-இல் நோபல் பரிசு வாங்கியவர். பெரும்பாலான நாய்கள் நரியின் வம்சம் என்று எழுதி, பிற்பாடு தானே அதைக் கைவிட்டார்.

எனக்கு இதில் பிடித்தது, புத்தகத்தின் தப்பை இன்னொரு புத்தகத்தால் பிடிக்க முடிகிறது என்பது. முதல் பக்கத்தைத் திருப்பினால் வருஷம் இருக்கும். 'குட்டியை இருட்டில் சங்கிலியில் கட்டிப் போட்டால்தான் ரோஷம் வரும்' என்று ஊரில் சொல்கிறார்களே, அது எந்த வருஷம், யார் எத்தனை நாயில் பார்த்தது? கேட்டால் 'அப்படித்தான்' என்பார்கள்.

ஆனால் வெளியூர்ப் புத்தகத்துக்கு நம் விளை தெரியாது. மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. பச்சைக் கிழங்கிலும் தோலிலும் சயனைடு ஆகக்கூடிய விஷம் உண்டு, தோலுரித்து அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் பயமில்லை. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் வீட்டில் மிஞ்சுகிற மீன்குழம்பு முழுக்க உள்ளி (சின்ன வெங்காயம்) தானே என்று நாமேதான் சேர்த்துப் படிக்க வேண்டும். மழை நாளில் முற்றத்துத் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளிக்கொண்டு வந்தால் உடனே வாயைத் தண்ணீரால் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையைக் கண்டதும் பேய்நாய் என்று அடிக்க ஆள் கூட்டிவிடக் கூடாது. அயல்நாட்டுப் புத்தகத்தில் குளிருக்குச் சட்டை போடுவது பற்றி ஓர் அத்தியாயம் இருக்கும். நமக்கு வேண்டியது உண்ணி பற்றிய அத்தியாயம்.

உண்ணி என்றதும் நினைவு வருகிறது. உண்ணிக்காய்ச்சலில் ஈறு வெளுக்கும் என்று படித்து, ஒரு நாள் செம்பி சோர்ந்து படுத்திருந்தபோது உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்திருக்கிறதா, எப்போதும் இப்படித்தானா? தெரியவில்லை, அதற்கு முன் ஒருநாளும் பார்த்திருக்கவில்லையே. போதாக்குறைக்கு நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு பாதி கறுப்பு. அப்போது கீழிமையை இழுத்து உள்நிறம் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தொடங்கி வாராவாரம் ஞாயிறன்று விரலிடுக்கு, காது மடல், ஈறு, இமை பார்ப்பது வழக்கமாயிற்று. 'வெளுப்பு' என்ற சொல்லைப் புத்தகம் தந்தது. செம்பியின் சிவப்பு எந்தச் சிவப்பு என்பது என் விரலுக்குத்தான் தெரியும்.

இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதும் உண்டு. அம்மை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள், செருப்பைக் கடித்துவிட்டால் செம்பிக்கே தப்பு தெரிகிறது, பம்முகிறது பார் என்று. சித்தப்பா ஒருநாள், "மைனி, அது செருப்பப் பாத்தா பம்முது? ஒங்க மொகத்தப் பாத்துல்லா" என்றார். நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதையே சோதனை பண்ணி எழுதியிருக்கிறார். தப்பே செய்யாத நாயையும் உரிமையாளர் திட்டினால் அந்தக் 'குற்ற முகம்' வந்துவிடுகிறது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிருக ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காலை உட்கார்ந்து பார்ப்பது நல்லது. நாயை எப்படிப் பிடிப்பது, வாய்க்கட்டு எப்படிப் போடுவது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் அங்கே வருவது முழுக்க வலியிலும் பயத்திலும் இருக்கும் நாய்கள். அதை மட்டும் பார்த்தால் நாய் என்றாலே இப்படித்தான் என்று ஆகிவிடும். தெருநாய்க்குச் சோறு போடுவதில் நிறையக் கற்கலாம், ஆனால் ஆறு வாரத்துக்குப் போட்டுவிட்டு நிறுத்துவது அதுகளுக்குச் செய்கிற பாவம். மத்திய அரசின் 2023-ஆம் வருஷத்து விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் ஆள் போய்வரும் வாசலையும் விட்டுத் தள்ளி இடம் குறித்துப் போடத்தான் சொல்கின்றன. அந்தப் பக்கம் இறங்குகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

பயிற்சியாளர்? செம்பிக்கு ஒருவரை வைத்துப் பார்த்தேன். பத்து நாள் வந்தார், வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பழக்கினார். பதினோராம் நாள் அவர் சொன்னால் கேட்டது, நான் சொன்னால் கேட்கவில்லை. படித்தது நாய், நான் இல்லை. கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் பையிலிருந்து எடுக்கிறவரானால் வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். நாயின் கயிற்றை உங்கள் கையில் கொடுத்து உங்களைத் திருத்துகிறவர் கிடைத்தால் அவருக்குக் காசு கொடுக்கலாம். குட்டி வந்து நாலு மாதம் கழித்து யோசிக்க வேண்டியது அது.

ஆக அவளுக்கு நான் சொன்ன கணக்கு இது. மூன்று புத்தகம் வேண்டாம், ஒன்று போதும். தலைவன் புத்தகத்தைக் கூடையிலிருந்து எடு. மற்ற இரண்டில் எது சமீபத்தில் திருத்தி அச்சிட்டதோ அது. அதிலும் குட்டிப்பருவம், தடுப்பூசி, தின்னக்கூடாதவை, நோய்க்குறிகள், இந்த நாலு அத்தியாயத்தை மட்டும் குட்டி வருமுன் படி. பழக்குவது பற்றிய பகுதியை இப்போது படித்தால் என்னைப்போல் மனப்பாடம்தான் ஆகும். என்னிடம் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதியது இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போ. நாட்டு நாயை வளர்க்கிறோம் என்று கூச்சப்படாமல் இருக்க உதவும். மாவட்ட மைய நூலகத்திலும் ஒருமுறை ஏறிப் பார். மிச்சக் காசு முதல் தடுப்பூசிக்கு.

ஆனால் புத்தகம் வந்து சேருமுன்னே முதல் ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்துக்குப் போ என்றேன். வரிசையில் நான் பிடிவாதமாக இருந்தது இந்த ஒன்றில்தான். ஒரு நாயைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் மனசில் ஒரு முகம் வந்து நிற்கும். பார்க்காமல் படித்தால் எனக்கு ஆனதுதான் ஆகும். அங்கே போனால் சித்தப்பா பாட்டா சொல்லும் மருந்துகளையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடு, முகத்தையும் வாலையும் பற்றிச் சொல்வதை மட்டும் பிடித்துக்கொள் என்றும் சொன்னேன். அத்தான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போல. "அப்போ சாளை?" என்று அவர் குரல் கேட்டது. முள்ளெடுத்து, அவித்து, உள்ளி சேர்க்காமல், என்றேன்.

நேற்று ஞாயிறு. மதியம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் மழைச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம்.

"சித்தி, டைகர் என்னையப் பாத்துக் கொட்டாவி விட்டுது. நான் ஒடனே கைய எடுத்துட்டேன். பாட்டா சிரிக்குதாவ. இப்பம் அது நிஜமாவே தூங்கத்தான் போயிருக்காம்."